அம்மா செய்யாத சமையல்

கறிக்கடைக்காரர் வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போகிறான் என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் அதுதான் நடந்தது.

அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது. பிறந்தபோது பந்து மாதிரி இருந்தான் என்று எல்லோரும் அவனை ‘உருண்டை’ என்றே கூப்பிட்டார்கள். இப்போது அவனிடம் உருண்டையாக ஒன்றுமே இல்லை. கால்சட்டை இடுப்பில் நிற்பதில்லை. அவனுடைய அக்காதான் தினமும் காலையில் அதை இழுத்துப் பிடித்து ஊக்கு குத்திவிடுவாள்.

அக்காவுக்கு வயது பதினொன்று. அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ‘வாயாடி’. அப்பா வைத்த பெயர். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் ஓயாமல் பேசி, கறி வாங்க வந்ததையே மறக்கடித்துவிடுவாள். ஆனால் அம்மா இறந்த பிறகு வாயாடிக்கும் பேச்சு குறைந்துவிட்டது.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. சொல்வதற்கு மூன்றே வரிதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதுவும் முன்பு போல இல்லை.

அவர்கள் வீட்டில் கறி இல்லாத சாப்பாடு சாப்பாடே கிடையாது. காய் என்றால் கறியில் போடுகிற வெங்காயம்தான். அப்பாவின் கடைக்குப் பக்கத்திலேயே காய்கறிக்கடை இருந்தும், அங்கே வெங்காயத்தையும் பூண்டையும் தவிர வேறு எதையும் அவர்கள் வாங்கியதில்லை.

“ஏம்மா, காய்கறின்னு பலகை மாட்டியிருக்கியே, காய் இருக்கு, கறி எங்க?” என்று அப்பா அந்தக் கடைக்கார அக்காவைச் சீண்டுவார்.

“கறிதான் உங்ககிட்ட இருக்கே அண்ணே, அத வச்சு நீங்களாவது பொழச்சுப் போங்க” என்று அவரும் விடமாட்டார்.

இப்போதெல்லாம் அப்பா யாரையும் சீண்டுவதில்லை. அவருக்கு ஒரே கவலைதான். பிள்ளை சாப்பிடவேண்டும்.

நல்ல கறியாகக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் சாப்பிட்டுவிடும் என்று அவர் நினைத்தார். ஒரு நாள் ஈரல் கொண்டு வந்தார். மறுநாள் நெஞ்செலும்பு. அதற்கு மறுநாள் பஞ்சு மாதிரி தொடைக்கறி. கடைக்கு வருகிறவர்கள், “நல்லதெல்லாம் எங்கய்யா போகுது?” என்று சண்டைக்கு வந்தார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து தானே சமைத்து, ஊதி ஊதி ஊட்டுவார்.

உருண்டை அடம்பிடிக்கமாட்டான். அழவும் மாட்டான். நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பான். பிறகு மெதுவாகத் தட்டைத் தள்ளிவைப்பான்.

“இது அம்மாது இல்ல.”

அதைக் கேட்டதும் அப்பாவும் கை கழுவ எழுந்துவிடுவார். மிச்சம் எல்லாம் தெருநாய்க்குப் போகும். வீட்டில் எல்லோரும் இளைக்க, அந்த நாய் மட்டும் நன்றாகக் கொழுத்துப்போய், நடக்கவே சோம்பல் பட்டது.

ஒரு நாள் அப்பா இருவரையும் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் உருண்டையை எடை பார்க்கும் இயந்திரத்தில் நிற்கவைத்தார். முகத்தைச் சுளித்தார்.

“இன்னும் குறைஞ்சா ஆஸ்பத்திரியில சேர்த்து ஊசி வழியாதான் சத்து ஏத்தணும்” என்றார்.

அப்பா தலையாட்டினார். வாயாடி தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தவரை ஆஸ்பத்திரி என்பது போனவர்கள் திரும்பி வராத இடம்.

‘அம்மா மாதிரியே சமைச்சாத்தானே சாப்பிடுவான்? நான் சமைக்கிறேன்’ என்று முடிவு செய்தாள்.

அம்மா சமைப்பதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அம்மா அரைத்துவைத்த மசாலாத்தூள் டப்பாவில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதே டப்பா, அதே சட்டி. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, கறியைப் போட்டு, தூளைத் தூவி மூடிவைத்தாள். கொஞ்ச நேரத்தில் வீடு முழுவதும் அம்மாவின் சமையல் வாசனை.

அறைக்குள் படுத்திருந்த உருண்டை எழுந்து ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! வாயாடியும் சிரித்தாள்.

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அடுப்புப் பக்கம் பார்த்தான். கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். தண்ணீர்க் குழாய் பக்கம் போய்ப் பார்த்தான்.

“அம்மா எங்க?” என்றான்.

வாயாடி அடுப்பை அணைத்தாள். கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். உருண்டை திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். அன்று அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் பள்ளிவிட்டு வந்த வாயாடி, அப்பாவின் கடைக்குள் போகாமல் காய்கறிக்கடையின் ஓரத்தில் ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கறி வாசனையே அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைக்கார அக்கா அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

“என்ன வாயாடி, ஊமையாயிட்ட? சாப்பிட்டியா?”

“பசிக்கல அக்கா.”

“பசிக்காட்டி போகுது. சும்மா ருசி பாரு” என்று டப்பாவின் மூடியில் கொஞ்சம் அள்ளி வைத்து நீட்டினார்.

மரியாதைக்காக ஒரு வாய் எடுத்துப் போட்டாள். பழுப்பாக வறுபட்டிருந்தது. பல்லில் கடிக்கும்போது கறி மாதிரியே கொஞ்சம் ஈடுகொடுத்தது. பிறகு உள்ளிருந்து சாறு இறங்கியது. மிளகு காரம் தொண்டைக்குப் போனது. நடுநடுவே மாவு மாதிரி மெத்தென்று ஏதோ ஒரு பருப்பு. அவள் இன்னொரு வாய் எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. மூடி காலியானது தெரியாமல் வெறும் மூடியைத் துழாவினாள்.

திடீரென்று அவள் கண்ணில் நீர் கொட்டியது.

“ஐயோ, காரம் ஜாஸ்தியா?” என்று அக்கா பதறித் தண்ணீர் எடுத்தார்.

“இல்ல அக்கா. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எனக்கு அம்மா ஞாபகமே வரல” என்று சொல்லி வாயாடி விம்மினாள். “நான் அம்மாவ மறந்துட்டேனா?”

கடைக்கார அக்கா தண்ணீரைக் கீழே வைத்தார். அவளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டபோது வாயாடிக்கு ஒன்று தோன்றியது.

“இது என்ன அக்கா?”

“காளான். கூடப் பச்சை மொச்சை. உங்க வீட்டுல செய்யறதே இல்லையே.”

“இல்ல” என்றாள் வாயாடி மெதுவாக. “அம்மா இத ஒரு தடவைகூடச் செஞ்சதில்ல.”

எழுந்து நேராக அப்பாவின் கடைக்குப் போனாள்.

“அப்பா, இன்னைக்குக் கறி கொண்டு வராதீங்க.”

வெட்டிக்கொண்டிருந்த அப்பா கத்தியை வைத்துவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். இன்னைக்கு நான் காளான் சமைக்கப் போறேன்.”

“காளானா? கறிக்கடைக்காரன் வீட்டுலயா?” என்றார் அப்பா. பிறகு மகளின் வீங்கிய கண்களைப் பார்த்தார். கல்லாவிலிருந்து காளானுக்குக் காசு எடுத்துக் கொடுத்தார்.

கடைக்கார அக்கா சொல்லிக்கொடுத்தபடி வாயாடி காளானைக் கழுவி, ஈரம் போகத் துணியில் துடைத்து, பெரிய பெரிய துண்டாக நறுக்கினாள். நன்றாகக் காய்ந்த சட்டியில் போட்டதும் அது தண்ணீர் விட்டு, சுருங்கி, பரிதாபமாகக் கிடந்தது. ‘கெடுத்துட்டேனோ?’ என்று பயந்தாள். ஆனால் தண்ணீர் வற்றியதும் எண்ணெய் ஊற்றிக் கிளற, ஓரமெல்லாம் சிவந்து முறுகத் தொடங்கியது. நசுக்கிய பூண்டு, வெங்காயம், வெந்த மொச்சை, உப்பு.

பழக்கத்தில் அவள் கை அம்மாவின் மசாலா டப்பாவுக்குப் போனது. மூடியைத் தொட்டுவிட்டு நின்றாள். பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மிளகை மட்டும் இடித்துத் தூவினாள்.

உருண்டை வந்தான். இந்தமுறை ஓடி வரவில்லை, கதவுக்குப் பின்னால் தேடவும் இல்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு, “என்ன வாசனை இது?” என்றான்.

“புதுசு. உட்காரு.”

“அம்மா இத செய்வாங்களா?”

“செஞ்சதே இல்லடா.”

அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். பிறகு ஒரு துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்தான். வாயாடி அவன் வாயையே பார்த்தாள். அவன் அதைக் கடித்தான், மென்றான், விழுங்கினான். இன்னொரு துண்டை எடுத்தான்.

அப்பாவோ தன் தட்டில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எலும்பு இல்ல, கொழுப்பு இல்ல. இத எந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டுறது?” என்று முணுமுணுத்தபடி வாயில் போட்டார். மென்றார். புருவம் உயர்ந்தது. தட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் சட்டிப் பக்கம் கையை நீட்டினார்.

“வயிறு நெறஞ்சாப்பல இருக்கே” என்றார் ஆச்சரியத்தோடு. “பக்கத்துக் கடையில சொல்லிடாதம்மா. மானம் போயிடும்.”

உருண்டை இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டான். பிறகு சட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

“அம்மாவுக்குக் கொஞ்சம் எடுத்து வை அக்கா. அம்மா இத சாப்பிட்டதே இல்லையே.”

அப்பாவின் கை அப்படியே நின்றது. வாயாடி ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து, மிச்சம் இருந்ததை அதில் போட்டு நடுவில் வைத்தாள். மூன்று பேரும் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அழுதார். முகத்தை மறைத்துக்கொள்ளாமல், பிள்ளைகள் முன்னாலேயே அழுதார்.

உருண்டை அப்பாவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

“அம்மா வரமாட்டாங்க இல்ல?”

அந்த வீட்டில் இத்தனை நாள் யாரும் கேட்காத கேள்வி அது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத பதிலை வாயாடிதான் சொல்லவேண்டியிருந்தது.

“வரமாட்டாங்கடா” என்றாள்.

அவன் உதடு பிதுங்கியது. அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அம்மா போன பிறகு அவன் அழுதது அதுதான் முதல் தடவை. வாயாடி அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து உருண்டை தலையைத் தூக்கினான். கண்ணீரும் மூக்குச்சளியும் ஒன்றாக வழிந்தன. நடுவில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தான்.

“அப்ப... அத நான் சாப்பிடட்டுமா?”

“சாப்பிடு கண்ணு” என்றார் அப்பா.

அவன் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். ஒரு துண்டை அக்காவுக்கு ஊட்டினான். ஒரு துண்டை அப்பாவுக்கு ஊட்டினான். ஒரு துண்டைத் தான் தின்றான். இப்படியே முறை மாறாமல் வந்து, கடைசியில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. அதை எப்படி மூன்றாகப் பிய்ப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். வழி ஒன்றும் தெரியாததால், முழுசாகத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டான்.