வரேன் என்று சொன்ன பிறகு

மூன்று வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, மத்தியானம் மைக்ராஸ்கோப் அறைக்குள் போனேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. செல்களுக்கு ஊற்றுகிற சாயம் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்பதால், பட்டப்பகலிலும் விளக்கை அணைத்தே வைத்திருப்பார்கள். ஸ்பிரிட் வாசனை, சூடேறிய மெஷினின் வாசனை, எங்கோ ஒரு ஃபேன் உறுமுகிற சத்தம். அவ்வளவுதான் அங்கே.

"வாம்மா. உன் பிள்ளைங்கள நான் பட்டினி போடல," என்றார் போட்டோக்காரர். மைக்ராஸ்கோப்பில் படம் எடுப்பது அவர் வேலை, அதனால் அந்தப் பெயர். பிள்ளைகள் என்றது நான் வளர்க்கிற மூளைக் கட்டி செல்களை. ஆபரேஷனில் வெட்டியெடுத்த துணுக்கைப் பெயர் இல்லாமல் வெறும் நம்பர் போட்டு எங்களுக்கு அனுப்புவார்கள். நான் அதைப் பிரித்து, டிஷ்ஷில் விட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை தீனி மாற்றுவேன்.

நாற்பத்தொன்றாம் நம்பர் யாருடையது என்று எனக்கு மட்டும் தெரியும். அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்த அன்று எங்களுக்கு வந்தது ஒரே ஒரு துணுக்குதான். சொந்தக்காரர்களின் செல்லைத் தொடக்கூடாது என்பது இங்கே விதி. எந்த மருந்துக்கு அது சாகும் என்று நானே கண்டுபிடித்துவிடலாம் என்ற பேராசையில் வாயை மூடிக்கொண்டேன். இப்போது அண்ணன் போய்விட்டான். கட்டி மட்டும் இங்கே செழிப்பாக இருந்தது.

"இதப் பாரு," என்று திரையைக் காட்டினார்.

செல்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்லிய இழை நீட்டிக் கைகோத்திருந்தன. அந்த இழைகள் வழியாகக் கால்சியம் ஓடும். ஓடும்போது சாயம் மினுங்கும். அதுதான் இதுகளின் பேச்சு. கூட்டத்தில் நாலைந்து செல்கள் தாளம் போடும், மற்றதெல்லாம் பின்பாட்டு. ஓர் இழையை அறுத்தால் வேறொன்று நீளும். "எங்க அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் மாதிரி. ஒருத்தன் ஆரம்பிச்சா போதும்," என்பார் போட்டோக்காரர்.

திரையில் பச்சையாக மினுங்கியது. மூன்று முறை. பிறகு இருட்டு. மறுபடி மூன்று.

"காலையிலேர்ந்து இதே மூணுதான். இவ்ளோ ஒழுங்கா நான் பாத்ததே இல்ல."

திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன்.

அந்த மூன்று எனக்குத் தெரியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி வளர்ந்த கட்டி அண்ணனின் பேச்சைத்தான் முதலில் தின்றது. அதனால் அவன் கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்திருந்தோம். கட்டில் கம்பியில் மூன்று முறை தட்டினால் 'வா'. பதிலுக்குச் சுவரில் ஒருமுறை தட்டினால் 'வரேன்'. அது கேட்டதும் அவன் நிறுத்திவிடுவான். நான் வரேன் என்றால் வந்துவிடுவேன் என்று அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அன்று மத்தியானம் அம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவன் மூன்று முறை தட்டினான். நான் பக்கத்து அறையில் படுத்தபடி போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து பத்துத் தடவை எழுந்து போயிருந்தேன். சீரியல் முடியட்டும் என்று சுவரில் ஒருமுறை தட்டினேன்.

அவன் நிறுத்திவிட்டான்.

நான் போகவில்லை. இருபது நிமிஷம். அம்மா இறங்கி வந்து பார்த்தபோது, வாந்தி மூச்சுக்குழாயை அடைத்து எல்லாம் முடிந்திருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தால் போதும், பிழைத்திருப்பான். நான் பதிலே தராமல் இருந்திருந்தால்கூட விடாமல் தட்டியிருப்பான், அம்மாவுக்குக் கேட்டிருக்கும். ஸ்பூன் அவன் கையிலேயே இருந்தது. "நீ அசந்து தூங்கிட்ட, உனக்கு எப்படிம்மா கேக்கும்," என்று அம்மா என்னைத் தேற்றினாள். நானும் தலையாட்டினேன்.

போட்டோக்காரர் டீ குடிக்கப் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

மூன்று. இருட்டு. மூன்று.

பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும், மேஜையில் விரலால் ஒருமுறை தட்டினேன்.

மினுக்கம் நின்றது.

ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஸ்பிரிட் வாசனைக்கு நடுவே வாந்தியின் புளித்த நாற்றம் லேசாக வந்தது. திரையில் அத்தனை செல்லும் இழை கோத்தபடி அப்படியே இருந்தன. சாகவில்லை. செத்த செல் சுருங்கிவிடும், எனக்குத் தெரியாதா.

காத்துக்கொண்டிருந்தன.

"அண்ணா," என்றேன். "நான் தூங்கல. முழிச்சிட்டுதான் இருந்தேன்."

யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். மினுக்கம் திரும்பவில்லை. அவை அப்படிக் காத்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. டிஷ்ஷை எடுத்துப் போய் ப்ளீச் ஊற்றினேன். இன்குபேட்டரில் இருந்த நாற்பத்தொன்றாம் நம்பரின் மற்ற ஐந்து டிஷ்ஷிலும் ஊற்றினேன். அவசரத்தில் பாதி என் மேலேயே கொட்டியது.

"பூஞ்சை பிடிச்சிருச்சு," என்றேன், திரும்பி வந்தவரிடம். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். அன்று ராத்திரி வீட்டில் அம்மா சாப்பாடு போடும்போது உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டாள். போதும் என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்துப் போட்டோக்காரர் கூப்பிட்டார். நைட்ரஜன் தொட்டியில் நாற்பத்தொன்று ஒரு குப்பி உறைந்து கிடந்ததாம். ஆபரேஷன் முடிந்த வாரமே நான் வைத்தது, மறந்தே போயிருந்தேன். எல்லாம் பூஞ்சையில் போய்விட்டதே என்று நான் வருத்தப்படுகிறேன் என நினைத்து, அவரே உருக்கி வளர்த்திருக்கிறார். அண்ணன் ஸ்பூன் பிடிப்பதற்கு முன்பே உறைந்தவை. நான் மேஜையில் தட்டியது அவற்றுக்குத் தெரிய வழியே இல்லை.

"உன் நாப்பத்தொண்ணு பொழச்சிருச்சும்மா," என்றார். "ஆனா அந்த மூணு போச்சு. இப்ப ஒண்ணே ஒண்ணுதான்."

இருட்டில் ஒரு மினுக்கம். வெறும் இருட்டு. மறுபடி ஒரு மினுக்கம்.

ஒன்று என்றால் 'வரேன்' என்று அவருக்குத் தெரியாது.

"காலையில நிமிஷத்துக்கு ஒரு தடவதான் அடிச்சுது," என்றார், கடிகாரத்தைப் பார்த்தபடி. "இப்ப பாரு, கிட்ட கிட்ட வருது."