ஆறாம் அறையின் காலி நாற்காலி

ஜூலை மாதத்து நடுப்பகலில் நீஷ் நகரின் அந்த முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பழைய கல் வீடு. உள்ளே புது ஏசியின் முனகல், சுட்ட குடைமிளகாய் வாசம். ஓர் அறைக்குள் குளிர்காற்று எப்படி ஓடும், இருப்பவருக்கு அது இதமாக இருக்குமா என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. குளிர்ந்த குறுக்குக் காற்று மேலே பட்டால் நோய் வரும் என்பது எங்கள் ஜனங்களின் பயம்; எங்களுக்குச் சாவுகூடக் குறுக்குக் காற்றில்தான் வரும். ஆகவே பிழைப்புக்குப் பஞ்சமில்லை.

ஆறாம் அறையில் ஸ்டாமெங்கா அம்மா தனியாகப் படுத்திருந்தார்.

"காத்து நேரா கட்டில்ல விழுதுன்னு ரிப்போர்ட் வந்தா, இவங்கள வேற ஊர் இல்லத்துக்கு மாத்திடுவோம் சார்" என்றார் நிர்வாகி ராதோய்கா. "இங்க வேற எடம் இல்ல."

அவர் போனதும் அம்மா என் கையைப் பிடித்தார்.

"அனுப்பிடாதீங்க தம்பி. எம்மேல காத்தே படல. திராகுதின் மறைச்சு உக்காந்திருக்காரு."

"யாரும்மா அது?"

"எங்க வீட்டுக்காரரு. செத்து ஒம்போது வருஷமாச்சு. கல்யாணமான நாள்லேருந்து காத்து வர்ற பக்கம் அவருதான்."

ஜன்னலுக்கு மேலே ஏசி. அதற்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது.

அறை முழுக்க, கட்டில் முதல் கதவு வரை, பன்னிரண்டு வெப்பமானிகளைக் கட்டித் தொங்கவிட்டு வந்தேன். அவற்றின் அளவுகள் என் வீட்டுக் கணினிக்கே வந்துவிடும்.

கணினிக் கணக்கு, குளிர்காற்று தலையணையில் விழும் என்றது. வெப்பமானிகள், விழவே இல்லை என்றன. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் கணக்கில் அந்த நாற்காலியில் ஓர் ஆளை உட்கார வைத்தேன். உடம்பின் அளவு, உடம்பின் சூடு.

பன்னிரண்டும் பொருந்தின.



அளவுகளை மட்டும் எழுதினால் காரணம் கேட்பார்கள்; செத்தவரை அறிக்கையில் எழுதினால் ஊர் சிரிக்கும். அந்த ஆளை அழித்துவிட்டு, காற்று கட்டிலில் விழுகிறது என்று எழுதிக் கொடுத்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல?

திங்கட்கிழமை அம்மாவை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். வெப்பமானிகளைக் கழற்றப் போக எனக்குக் கால் வரவில்லை. பூட்டிய அறையிலிருந்து அளவுகள் வந்துகொண்டே இருந்தன.

அன்று மாலை நாற்காலி குளிர்ந்தது.

கதவருகே சூடேறியது.

அங்கேயே நின்றது. ஒரு வாரம்.

தனிக்கட்டையான நான், அந்தத் தனிமையைத் திரையில் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாமல் ராதோய்காவுக்கு போன் செய்தேன்.

"ரிப்போர்ட் தப்பு மேடம். அம்மாவத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க."

"அவங்க வியாழக்கிழமையே தவறிட்டாங்க சார். அங்க ஜன்னலோரக் கட்டிலாம். சளி நெஞ்சுல எறங்கிடுச்சு."

மறுநாள் போய் ஆறாம் அறையைத் திறந்தேன். முகத்தில் மனித மூச்சின் வெதுவெதுப்பு. அம்மா இனி வரமாட்டார் என்று அந்த வெறுமையிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து கணினியைப் பார்த்தேன். கதவருகே சூடு அப்படியே நின்றது.

நான் சொன்னதைத் திராகுதின் நம்பவில்லை. பொய் எழுதிக் கொடுத்தவனை எதற்கு நம்ப வேண்டும்?