நாற்பது பேர் போட்ட ஒரே விடை

அந்த மாணவி அழுதுகொண்டே நூலகத்துக்குள் நுழைந்தபோது, மூலையில் ஜெராக்ஸ்காரர் நிலையியல் பாடத்தின் விடைக் கைடைப் பிரதியெடுத்துக்கொண்டிருந்தார். பாடநூலுக்கு இந்த ஆண்டு புதுப் பதிப்பு வந்துவிட்டது. கைடு மட்டும் அதே பழசு. மிஷின் கண்ணாடியில் விழுந்த கீறலால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சாய்வாக ஒரு கறுப்புக் கோடு விழும்.

கல்லூரியில் எந்தச் சிக்கல் என்றாலும் நூலகர் அம்மாவிடம்தான் வருவார்கள். ஜெராக்ஸ்காரர் அவருக்கு வலதுகை; ஜெராக்ஸ்காரரை வேலைக்கு வைத்தவரும் அந்த அம்மாதான்.

"மேடம், என்னை டிஸ்மிஸ் பண்ணப் போறாங்க! நிலையியல் பரீட்சையில கடைசிக் கணக்கு எனக்கு மட்டும்தான் சரியாம். நான் சுமார்தானே, அதனால சார் டிராயர்ல இருந்த விடையைத் திருடிட்டேன்னு சொல்றாரு."

"மத்தவங்க?"

"நாப்பது பேருக்கும் ஒரே விடை. ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பின்னு முட்டை போட்டுட்டாரு."

"எல்லாரும் ஒரே ஹாலா?"

"மூணு ஹால் மேடம்."

நூலகர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். ஜெராக்ஸ்காரர் மிஷினை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

மாணவியோடு மூவரும் தன் அறைக்குள் நுழைந்ததும், பேராசிரியர் தான் வைத்துத் திருத்திய விடைப் பிரதியை மேசையில் வீசினார். அதன் ஓரத்தைப் பார்த்ததும் ஜெராக்ஸ்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாய்வான கறுப்புக் கோடு!

"மேடம், இது நம்ம மிஷின்ல எடுத்த கைடு!" என்று குழறினார்.

"தெரியும்ப்பா." நூலகர் வினாத்தாளை எடுத்தார். "சார், அஞ்சு மீட்டர் சட்டம், ரெண்டு முனையிலயும் தாங்கி. இடது முனையில இருந்து ரெண்டு மீட்டர்ல பன்னிரண்டு கிலோ நியூட்டன் பாரம். உங்க விடை இடது தாங்கியில எட்டு, வலது தாங்கியில நாலு. இடது முனையில இருந்து பாருங்க. பாரம் சாய்க்கிறது பன்னிரண்டு ரெண்டு இருபத்துநாலு. வலது தாங்கி தடுக்கிறது நாலஞ்சு இருபது. சட்டம் நிக்குமா?"

பேராசிரியர் வினாத்தாளை வாங்கி மறுபடி படித்தார்.

"பழைய பதிப்புல சட்டம் ஆறு மீட்டர். கணக்கைப் புதுசுல எடுத்தீங்க, விடையைப் பழைய கைடுல எடுத்தீங்க. போட்டுப் பாக்கல. இடது தாங்கிக்கு ஏழு புள்ளி ரெண்டுன்னு எழுதின நாப்பது பேரும் சரி."

வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டதே என்று ஜெராக்ஸ்காரர் நினைத்துக்கொண்டார்.

"அப்போ இவ திருடலையா?" என்றார் பேராசிரியர் ஈனசுரத்தில்.

"இவளும் கைடைத்தான் மனப்பாடம் பண்ணிருக்கா. இதைப் பாருங்க." நூலகர் மேசையில் கிடந்த அவளுடைய விடைத்தாளைத் திருப்பினார். அடித்த கோட்டுக்குக் கீழே, முழு வழியோடு, ஏழு புள்ளி இரண்டு.

மாணவி வெளிறிப்போனாள். "நானே போட்டது மேடம். கைடுல எட்டுன்னு ஞாபகம் வந்துச்சு. நான் போட்டது எங்க சரியா இருக்கப் போகுதுன்னு அடிச்சிட்டேன்."

பேராசிரியர் மதிப்பெண்களைத் திருத்தினார். நாற்பது பேருக்கு முழு மதிப்பெண். திருட்டுப் பட்டம் போன அவளுக்கு முட்டை.

மறுநாள் அவள் ஜெராக்ஸ்காரரிடம் வந்தாள். "அண்ணே, என் கைடு உங்ககிட்டயே இருக்கட்டும். போட்ட கணக்கைக் காட்டினா மட்டும் குடுங்க. விடை ஒத்துவரலைன்னா அங்கேயே உக்காந்து யாரு தப்புன்னு பாத்துட்டுத்தான் போவேன்."

சாயங்காலம் பேராசிரியரும் வந்தார். தயங்கித் தயங்கித் தன் கைடையும் மேசைமேல் வைத்தார்.

"எனக்கும் அப்படியேப்பா," என்றார்.