நெரிடா சிரிக்கிற கதை

எங்கள் ஊர் எழுத்தாளர் குழுவில் பள்ளிக்கூடம் போகிறவள் நான் ஒருத்திதான். என் பெயர் டான்சி. வயது பதினொன்று.

"இது பெரியவங்க குழு, கண்ணு" என்று குழுத்தலைவி ஹெஸ்டர் முதலில் சொல்லிப் பார்த்தார்.

"விதியில வயசைப் பத்தி ஒண்ணுமே இல்லையே?" என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன்.

ஹெஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார். நிஜமாகவே இல்லை. ஹெஸ்டருக்கு விதி என்றால் விதிதான். அன்றைக்கே எனக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது.

படகுத்துறைக்கு எதிரே இருக்கும் தகரக்கூரை மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் கூடுவோம். எழுதியதை அச்சடித்து, பெயர் போடாமல் மடித்து, ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் போட வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர்தான் எடுத்துப் படிக்க வேண்டும். எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் மூச்சு விடக் கூடாது. மற்றவர்களும் நடுவில் பேசக் கூடாது. பேசினால் ஹெஸ்டர் மேசைமேல் இருக்கும் மணியை 'டிங்' என்று அடிப்பார். யாருக்காக மணி அடித்ததோ அவர்தான் அன்றைக்கு எல்லாத் தேநீர்க் கோப்பைகளையும் கழுவ வேண்டும்.

அந்த ஐஸ்கிரீம் டப்பா ஹெஸ்டரின் தலையில் ஏறி வருவது. செப்டம்பர் வந்துவிட்டால் மேக்பை பறவைகள் குஞ்சு பொரிக்கும். மரத்தடியில் யார் போனாலும் பாய்ந்து வந்து மண்டையில் கொத்தும். அதனால் பெரிய மனிதர்கள்கூட காலி டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் தெருவில் நடப்பார்கள். டப்பாவின் பின்பக்கம் பெரிய கண்கள் வரைந்திருக்கும். அதைப் பார்த்துப் பறவை பயந்துவிடுமாம். எனக்குத் தெரிந்து ஒரு பறவையும் பயந்ததில்லை.

குழுவில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் நெரிடா. பல வருடங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். தலைமுடிக்கு ஊதா நிறச் சாயம் பூசியிருப்பார். அவர் சிரித்தால் படகுத்துறை வரை கேட்கும்.

நான் முதன்முதலில் கொண்டுபோனது பேருந்து ஓட்ட ஆசைப்பட்ட ஒரு குண்டு வாம்பட்டின் கதை. வாம்பட் என்பது கரடிக்குட்டி மாதிரி இருக்கும் எங்கள் ஊர் விலங்கு. அதன் குட்டைக் கால் பிரேக்கை எட்டாது. அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏதாவது ஒரு மரத்தில் மோதித்தான் வண்டியை நிறுத்தும். மற்றவர்கள் "நல்ல முயற்சி", "நல்ல முயற்சி" என்றார்கள். நெரிடா மட்டும், நான் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேனோ அதே இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று முதல் அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் நான் எழுதுகிறேன்.

ஆனால் போன மாதம் நூலகத்தில் யாரோ அவரைப் பார்த்து "உஷ்! காது கிழியுது" என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு வந்த கூட்டங்களில் நெரிடா கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார்.

"நான் ரொம்பச் சத்தம் போடறேனா, டான்சி?" என்று என்னிடம் கேட்கவும் செய்தார்.

"இல்லவே இல்ல" என்றேன். அவர் நம்பினாரா, தெரியவில்லை. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நெரிடா நகரத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போவதாகவும், கூட்டத்துக்கு வர முடியாது என்றும் முன்பே சொல்லியிருந்தார். நாங்கள் எல்லோரும் காகிதங்களை டப்பாவில் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். அப்போது கதவு படாரென்று திறந்தது. தலையில் டப்பாவும் கையில் ஒரு தட்டு லாமிங்டன் கேக்குமாக நெரிடா நின்றார்.

"அக்காவுக்குச் சளியாம்! வராதேன்னுட்டா. நல்லதாப் போச்சு, இதையெல்லாம் நாமளே தின்னலாம்!"

தேங்காய்த்தூள் உதிர உதிரத் தட்டை மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். எதிரே டெஸ் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டார். டெஸ் ஊரில் மாட்டு வைத்தியராக இருந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் வேடிக்கையாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டால், அவருக்குக் கண்மண் தெரியாது.

ஹெஸ்டர் டப்பாவை என்னிடம் நீட்டினார். நான் ஒரு காகிதத்தை எடுத்தேன். இரண்டு பக்கம் இருந்தது. எழுந்து நின்று படிக்க ஆரம்பித்தேன்.

"எங்கள் ஊரில் மெரிடா என்றொரு பெண்மணி இருக்கிறார். லாரி ஓட்டுகிறவர். தலைமுடி ஊதா நிறம். அவர் சிரித்தால் மண்டபத்துக் கூரையின் தகரம் கழன்று கடலில் போய் விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். நெரிடா வாயைப் பொத்திக்கொண்டு என்னை இடித்தார். "யாருடி இது? என்னை மாதிரியே இருக்கே!" என்று கிசுகிசுத்தார். அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

சத்தமாகப் படிக்கும்போது என் கண் எப்போதும் சில வரி முன்னால் ஓடும். அன்றைக்கும் ஓடியது. ஓடிப்போய் அப்படியே நின்றுவிட்டது.

அங்கே இப்படி எழுதியிருந்தது: 'மெரிடா உள்ளே வந்தால் எல்லோரும் நாற்காலியைத் தூரமாகத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். வாயை மூடு என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அவர் வராத நாள்தான் எங்களுக்கு நல்ல நாள்.'

எனக்குக் குப்பென்று வியர்த்தது. இதை எப்படிப் படிப்பது? இதைக் கேட்டால் நெரிடா இனிமேல் கையை வாயிலிருந்து எடுக்கவே மாட்டார். ஒருவேளை கூட்டத்துக்கே வரமாட்டார். இருமுவதுபோல நடித்து நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் ஹெஸ்டர் காகிதத்தை வாங்கி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். பக்கத்தில் இருப்பவர் நெரிடா!

"என்ன டான்சி, வார்த்தை புரியலையா?" என்று கேட்டார் ஹெஸ்டர்.

"புரியுது, புரியுது" என்றேன். "மெரிடா உள்ளே வந்தால் எல்லோரும் நாற்காலியை..."

ஒரு தடவை இருமிக்கொண்டேன்.

"...நாற்காலியை அவர் பக்கத்தில் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். ஏனென்றால், அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் குளிர்காலத்தில்கூட ஸ்வெட்டர் தேவைப்படாது."

டெஸ் சடாரென்று நிமிர்ந்தார். "இல்ல, வந்து... ஹெஸ்டர், அந்தக் காகிதத்துல..."

டிங்!

"இது உங்க கதையா, டெஸ்?" என்று ஹெஸ்டர் புருவத்தை உயர்த்தினார்.

"அது... வந்து..."

டிங்! டிங்!

"கோப்பை கழுவப் போறது யாருன்னு தெரிஞ்சு போச்சு. நீ படி, டான்சி."

டெஸ்ஸின் காது இரண்டும் தக்காளியாகச் சிவந்தன. என் பக்கத்தில் நெரிடா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குமேல் அவரைப் பார்க்க எனக்கு நேரமில்லை. காகிதத்தில் இல்லாத கதையைக் காகிதத்தைப் பார்த்துப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

காகிதத்தில், ஊர்க்கூட்டம் போட்டு மெரிடாவை ஊரைவிட்டே அனுப்பிவிடுகிறார்கள். கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. நானும் ஊர்க்கூட்டம் போட்டேன். 'மெரிடா செவ்வாய்க்கிழமை மட்டும்தான் சிரிக்கலாம்' என்று தீர்மானம் போடவைத்தேன். மெரிடா கோபித்துக்கொண்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்தைத் திருப்பவும் மறக்கவில்லை.

"மறுநாள் மூடுபனி இறங்கியது. கடலுக்குப் போன படகுகளுக்குக் கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஊரார் மணி அடித்தார்கள். பாத்திரத்தைத் தட்டினார்கள். ஒன்றும் எட்டவில்லை. 'ஐயோ, மெரிடாவைக் கூப்பிடுங்கள்!' என்று ஊர்த்தலைவர் அலறினார். ஒரு பெரிய கேக்கைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். மெரிடா வந்துவிட்டார். ஆனால் சும்மா சிரி என்றால் சிரிப்பு வருமா? அப்போது ஒரு சின்னப் பெண் அவர் காதில், பிரேக் எட்டாத ஒரு வாம்பட்டின் கதையைச் சொன்னாள்."

நெரிடாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"மெரிடா சிரித்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே எல்லாப் படகுகளும் கரைக்கு வந்து சேர்ந்தன. மண்டபத்துக் கூரைத் தகரம் மட்டும் கழன்று கடலில் போய் விழுந்தது. 'போனால் போகட்டும்' என்றார் ஊர்த்தலைவர், கேக்கை மென்றுகொண்டே."

நான் பொத்தென்று உட்கார்ந்தேன். அதே நேரம் நெரிடா சிரித்தார். வாயைப் பொத்தாமல், பழைய மாதிரி, மேசைமேல் இருந்த மணி தானாக அதிரும்படி சிரித்தார். கூரைமேல் உட்கார்ந்திருந்த மேக்பைகள் படபடவென்று பறந்தன.

"மூடுபனி விஷயம் நூத்துக்கு நூறு உண்மை" என்றார் நண்டுப் படகுக்காரர் வாலஸ். "கண்ணு தெரியாதப்ப காதுதான் துணை."

"முடிவு அருமை" என்றார் ஹெஸ்டர். "ஆனா ஆரம்பத்துல ஒரு எடத்துல கதை லேசாத் திக்குது. எழுதினவர் அதைச் சரி பண்ணணும். சரி, யார் எழுதினது?"

டெஸ் மெதுவாகக் கையைத் தூக்கினார். "நான்தான். ஆனா முழுசா நானில்ல."

"அடக்கத்தைப் பாரேன்!" என்று ஹெஸ்டர் மகிழ்ந்துபோனார். "இந்த வருஷம் நம்ம குழு போடற தொகுப்புல முதல் கதை இதுதான். அந்தத் தாளை இப்படிக் குடு, டான்சி."

"வேணாம்!" என்று நானும் டெஸ்ஸும் ஒரே குரலில் கத்தினோம்.

"நிறையப் பிழை இருக்கு" என்றேன் நான்.

"ரொம்பப் பெரிய பிழை" என்றார் டெஸ். "திருத்திட்டுத் தரேன்."

கூட்டம் முடிந்து, சமையலறையில் டெஸ் கோப்பைகளைக் கழுவினார். நான் துடைத்து வைத்தேன்.

"அவங்க இன்னிக்கு வரமாட்டாங்கன்னு நெனச்சேன், டான்சி. சும்மா தமாஷுக்கு எழுதினது" என்றார் டெஸ்.

"வரலைன்னா மட்டும் பரவால்லையா?" என்று கேட்டேன்.

டெஸ் ஏற்கெனவே கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினார். பிறகு அந்தக் காகிதத்தை வாங்கி, சோப்புத் தண்ணீரில் அமுக்கிக் கூழாக்கினார். கையைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"நீ படிச்சதை முதல்ல இருந்து சொல்லு. எழுதிக்கறேன். ஆனா ஒண்ணு. அந்தக் கூரைத் தகரம் என்னோடது. அதை வெச்சுக்கலாமா?"

"தாராளமா. அது ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். டெஸ்ஸின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது நெரிடாவும் கூட வந்தார். இருவர் தலையிலும் டப்பா. மிச்சமிருந்த லாமிங்டன் ஆளுக்கு ஒன்று.

"இன்னிக்கு நல்லாப் படிச்சே, செல்லம்" என்றார். "முக்கியமா அந்த நாற்காலி எடத்துல."

எனக்குக் கேக் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "நீங்க... பாத்துட்டீங்களா?"

"அடியே, கடைசி சீட்ல எவன் எவ முடியை இழுக்கறான்னு முன்னாடி கண்ணாடியிலயே கண்டுபிடிச்சவ நான். பக்கத்துல இருக்கற காகிதம் எனக்குத் தெரியாதா?"

"எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா?"

"நாலு வரி படிச்சேன். அப்புறம் கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டேன். நீ சொன்னது அதைவிட நல்லா இருந்துச்சு."

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. லாரி கெளம்பற வரைக்கும் இருந்துச்சு. அப்புறம்தான் உன் வாம்பட் வந்துடுச்சே." நெரிடா விரலில் ஒட்டியிருந்த தேங்காய்த்தூளை நக்கினார். "அடுத்த வாரம் நானும் ஒரு கதை எழுதப்போறேன். ஒரு மாட்டு வைத்தியரைப் பத்தி."

"ஐயோ! மோசமான கதையா?"

"எழுதலாம்தான். ஆனா படிக்கப்போறது நீயா இருந்தா, மோசமா எழுதி என்ன பிரயோஜனம்?"

அந்த நேரம் பார்த்து ஒரு மேக்பை பாய்ந்து வந்து நெரிடாவின் டப்பாவில் 'டக்' என்று கொத்தியது. நெரிடா நடுத்தெருவில் நின்று சிரித்தார். கொத்திய பறவை பயந்து தலைதெறிக்கப் பறந்தது. படகுத்துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெரிடாவின் கை வாய்ப்பக்கம் போகவே இல்லை.

நான் எதற்கும் ஒரு தடவை மண்டபத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கூரைத் தகரம் இடத்தில்தான் இருந்தது. லேசாக ஆடியதுபோல மட்டும் தெரிந்தது.