பரிபூரணத்தின் பட்டினி

மஞ்சள் தண்ணீரில் முக்கியெடுத்துக் கொடுத்தும் பரிபூரணம் அந்த எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சங்கரநயினார் வீட்டுப் பின்கட்டில் இடுக்கியை நீட்டிக்கொண்டு நின்றார். மூக்கில் துணி காயப்போடும் கிளிப், இறுக்க மூடிய கண்கள், உதட்டில் சிவநாமம். இடுக்கியின் முனையில் வால் பிடிபட்டுத் தொங்கிய எலி, உறைபெட்டியில் கிடந்து, வெந்நீரில் இளகி, மஞ்சளில் ஊறி, பார்க்கச் சகிக்காத கோலத்தில் இருந்தது. ரோமம் திட்டுத்திட்டாக ஒட்டி, வயிறு வெளிறி உப்பியிருந்தது. மூக்கு நுனியிலிருந்து இளஞ்சிவப்பாக என்னமோ சொட்டியது. சீ, எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கிறது.

கூண்டுக்குள் பரிபூரணம் என்ற குட்டை மலைப்பாம்பு தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது.

"உள்ள போட்டுட்டு வந்துருங்க அத்தான். நாம நிக்கதால வெக்கப்படுதோ என்னமோ" என்றாள் அவர் மனைவி உலகம்மை. அவள் நின்றது அடுப்படி வாசலில். அதைத் தாண்டி அவள் வரக்கூடாது. சமைக்கிற கை, விளக்கேற்றுகிற கை, எலி கிடக்கிற பக்கம் வரலாமா? இது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் கிளிப் போட்டுக்கொண்டு நின்றவர்தான்.

வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடச் சேர்க்காத சைவ வீட்டில் எலிக்கும் பாம்புக்கும் என்ன வேலை என்று கேட்டால், எல்லாம் நாக்கு செய்த வேலை. சங்கரநயினாருக்குச் சொதியும் காரக்கறியும் வைத்துவிட்டால் இலையில் குனிந்த தலை நிமிராது. சர்க்கரை வந்தது. அப்போதும் நிமிரவில்லை. இடது காலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். பக்கத்து விரலும் கறுக்க ஆரம்பித்தபோது டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்: வாயைக் கட்டாவிட்டால் பாதத்தோடு போகும்.

அந்தச் சமயத்தில்தான் நிறைவுப்பாலம் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. மலைப்பாம்பு ஒரு தடவை விழுங்கினால் வாரக்கணக்கில் நிறைந்து கிடக்கும். அந்த நிறைவை மனிதனுக்குக் கடத்தினால் என்ன என்று எவனோ யோசித்திருக்கிறான். பாம்பின் கழுத்துத் தோலுக்கடியில் பருப்பளவு ஒரு பொறி, மனிதனின் காதுக்குப் பின்னால் ஒரு பொறி. பாம்பு தின்றால் இவருக்கு வயிறு நிறையும். இரண்டு இட்லியோடு எழுந்து கைகழுவிவிடுவார். தெருவுக்குத் தெரு பாம்பு வந்துவிட்டது. கல்யாணப் பந்தியில் பாதி இலை அப்படியே மூடிக் கிடந்தது. எதிரே வருகிறவனிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்ட காலம் போய், "உங்க பாம்பு சாப்பிட்டுட்டுதா?" என்று கேட்கிற காலம் வந்துவிட்டது.

ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. விரல் கறுப்பு நின்று, புண்ணில் புதுச்சதை வந்தது. எலி கொடுக்கிற நாளில் மட்டும் சங்கரநயினார் குமட்டிக் குமட்டிக் கண் கலங்கி, தலைக்குக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு உள்ளே வருவார்.

போன மாதம் பரிபூரணம் வாயை மூடிக்கொண்டது. அதன் பசி முழுசும் இவர் தலையில் இறங்கியது. ஒரு பானைச் சோற்றைத் தின்றுவிட்டு, இலை காயுமுன் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். உலகம்மை அடுப்படியைப் பூட்டினாள். அரிசிக் குதிரில் கைவிட்டுப் பச்சரிசியை மென்றார். வெல்லத்தைக் கட்டியோடு கடித்தார். புண் மறுபடி வாய் பிளந்துகொண்டது. அதிலிருந்து வருகிற வாடைக்கு ஊதுபத்தி தோற்றது. பொறியைக் கழற்றி எறியவும் வழியில்லை. சொந்தப் பசிக்குக் கடிவாளம் போடுகிற நரம்பு இத்தனை நாளில் தூங்கிப் போயிருந்தது. கழற்றினால் இதைவிட மோசம்.

கம்பெனி விற்கிற சைவ எலியும் வாங்கிப் பார்த்தார். சோயா மாவில் வால் வைத்துப் பிடித்து, எலி வாடை ஏற்றியது. பாம்பு அதன்மேல் ஏறிப் படுத்துத் தூங்கியது. தீட்டுத்தான் காரணமோ என்று நிஜ எலியின் நெற்றியில் திருநீறு பூசிக் கொடுத்தார். அதன் பிறகுதான் இந்த மஞ்சள் குளியல்.

"திங்கக்கிழமை டாக்டர் பாக்கணும்னாரு" என்றாள் உலகம்மை. "இப்பிடியே போனா பாதம் தங்காது அத்தான். கம்பெனிக்குச் சொல்லிட்டேன். ஆளு வருது."

வந்தவள் ஜெபக்கனி, பாலம் பழுது பார்க்கிற பெண். தோளில் பை, கையில் உள்ளங்கையளவு திரை. கூண்டின் மேல் திரையைக் காட்டினாள், சங்கரநயினாரின் காதுக்குப் பின்னால் காட்டினாள். பிறகு எலியைப் பார்த்தாள்.

"இதென்ன சார், மஞ்சளா இருக்கு?"

"சுத்தப்படுத்தினேன்."

ஜெபக்கனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பாசப்பாதையை எப்போ திறந்தீங்க?"

"அது போன மாசம் சும்மா வந்துதுல்லா. நம்ம பாசம் பாம்புக்கும் போகும்னு கம்பெனிக்காரன் போட்டிருந்தான். பாசம் போனா நல்லா திங்குமேன்னு திறந்தேன்."

"பாசம் மட்டுமா சார் போகும்? உங்க மனசுல உள்ளது எல்லாம்லா போகும். எலியைப் பாத்து நீங்க குமட்டுதீங்க, அதுக்கும் குமட்டுது. சோத்துல பீயைப் பிசைஞ்சு வச்ச மாதிரி இருக்கும் அதுக்கு."

சங்கரநயினார் கிளிப்பைக் கழற்றினார். "அப்பம் பாதையை மூடிரு."

"நாம மூட முடியாது சார். திறந்தது தானா அடைபட கார்த்திகை ஆயிரும்."

கார்த்திகை வரைக்கும் கால் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. ஜெபக்கனி பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தாள். நெற்றியில் கட்டுகிற துணைப்பட்டை. எலி கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் சார் மனசுக்குப் பதிலாக வேறொருவர் மனசைப் பாலத்தில் ஏற்றலாம். அந்த மனசு சாருக்கும் தெரியும், பாம்புக்கும் தெரியும். எலிமேல் ஆசைப்பட வேண்டாம், அருவருக்காமல் இருந்தால் போதும்.

"நீ கட்டிக்கோ. நீ கறி திங்கிறவதானே" என்றார் சங்கரநயினார்.

ஜெபக்கனியின் முகம் சுருங்கியது. "கறி திங்கிறவங்க எலி திம்போம்னு யாரு சார் உங்ககிட்டச் சொன்னா?"

இருந்தாலும் வேலையாயிற்றே, கட்டிக்கொண்டாள். எலியை ஒரு பார்வை பார்த்தாள். பாம்பு விறைத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையைப் புதைத்தது. சங்கரநயினாருக்கும் இரண்டு பங்கு குமட்டல் ஒன்றாக ஏறி, ஓடிப்போய்ச் சாக்கடையில் கொட்டினார். பச்சரிசியும் வெல்லமும் மெல்லாத தேங்காய்ச் சில்லும் கொழகொழவென்று விழுந்தன.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது உலகம்மை வாசலைத் தாண்டி வந்திருந்தாள். பட்டையை வாங்கி நெற்றியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, சமைக்கிற கை."

"காலு போயிரும் அத்தான்" என்றாள். இடுக்கியைத் தேடவில்லை. எலியை வெறுங்கையால் எடுத்தாள். புது எலி ஒன்றை இளக்கித் தரட்டுமா என்று ஜெபக்கனி கேட்டதற்கு, இதுவே போதும் என்று குழாயில் காட்டி, மஞ்சள் போக அலசினாள். கத்தரிக்காய் கழுவுகிற மாதிரிதான் கழுவினாள். உள்ளங்கையில் வைத்துக் கூண்டுக்குள் நீட்டினாள்.

பரிபூரணம் தலையைத் தூக்கியது. நாக்கு இரண்டு தடவை வெளியே வந்து போனது. அடுத்த நொடி எலி அவள் கையில் இல்லை. பாம்பு அதைச் சுற்றி இறுக்கி, தலையிலிருந்து ஆரம்பித்து, தாடையை மாற்றி மாற்றி நகர்த்தி உள்ளே இழுத்தது. எச்சில் நூலாக வழிந்தது. பின்னங்கால்கள் கொஞ்ச நேரம் உதட்டில் துருத்திக்கொண்டிருந்தன. வால் கடைசியாகப் போயிற்று. கழுத்தில் ஒரு புடைப்பு மெதுவாக இறங்கியது.

சங்கரநயினார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு மாதமாகக் குடைந்த பசி, அடுப்பிலிருந்து இறக்கிய பால் மாதிரி அடங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நிறைஞ்சிட்டுது" என்றார். "நிறைஞ்சிட்டுது உலகு."

அடுத்த தடவைக்கும் அம்மாவே கட்டிக்கொள்ளட்டும் என்று பட்டையைக் கொடுத்துவிட்டு ஜெபக்கனி போய்விட்டாள். உலகம்மை பட்டையை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு சிரிப்பு இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. வயிறு அடங்கினால் இந்த மனுஷருக்கு மூளை கிளம்பிவிடும்.

"ஏட்டி, பட்டை கட்டியிருந்தப்போ உன் மனசு எனக்கும் வந்துது."

"வரும்னுதானே அந்தப் பிள்ளை சொல்லிச்சு."

"அதுல அருவருப்பே இல்லையே. ஒரு பொட்டு இல்லை. எப்படி?"

"எனக்குத் தோணலை."

"தோணலைன்னா? செத்த எலியைக் கையில எடுத்துருக்க. பொறந்ததுல இருந்து சைவம் தின்னவளுக்குத் தோணாம இருக்குமா? எங்கயோ தின்னிருக்க."

உலகம்மை கோபப்படுவாள் என்று நினைத்தார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"உங்க காலைத் தினம் ரெண்டு வேளை கழுவுதேன். சீழைப் பிதுக்கி எடுக்கேன். அன்னைக்குப் புழு இருந்துது, உங்ககிட்டச் சொல்லலை, நானே எடுத்துப் போட்டேன். அதைப் பாத்தவளுக்கு இந்த எலி சுத்தமாத்தான் இருந்துது."

சங்கரநயினார் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். புழு என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தீர்ப்புச் சொல்கிற குரலில் பேசினார்.

"சரி. ஆனது ஆயிட்டுது. ஒரு மண்டலம் நீ அடுப்படிக்குள்ள போக வேண்டாம். விளக்கும் தொட வேண்டாம். அந்தக் கையால எனக்குச் சோறு இறங்காது."

"அப்பம் உங்க காலுக்கு யாரு கட்டுப் போடுவா?"

"அதை நீ போடலாம். அது வேற."

உலகம்மையின் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். எலியைப் பிடித்த கை, புழுவை எடுத்த கை, பிறகு இத்தனை நாளும் சாதம் பிசைந்து வைத்த கை. அடிவயிற்றிலிருந்து ஒரு குமட்டல் புறப்பட்டது.

கூண்டுக்குள் பரிபூரணத்தின் உடம்பு நெளிந்தது. இறங்கிப் போன புடைப்பு மறுபடி கழுத்துக்கு ஏறியது. வாய் கிழிகிற அளவுக்குப் பிளந்தது. எலி வெளியே வந்து விழுந்தது, சளியில் பொதிந்து, ரோமமெல்லாம் ஒரே பக்கமாக வழிக்கப்பட்டு. ஒரு பழைய இறைச்சிக்கடையின் வாடை பின்கட்டு முழுக்கப் பரவியது.

சங்கரநயினார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நிறைவு போன இடத்தில் பசி வந்து உட்கார்ந்துவிட்டது. முன்னைவிடக் கொடுமையான பசி.

"எலி அதோட வயித்துக்குள்ளல்லா கிடந்துது" என்றாள் உலகம்மை. "பட்டையும் கொடியில கிடக்கு. பாதையில இப்பம் உங்க மனசு மட்டும்தான் இருக்கு. நீங்க எதைப் பாத்துக் குமட்டினிய அத்தான்?"

அவர் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நெற்றி வேர்த்தது.

"அதை விடு. அடுப்படிச் சாவியை எடு உலகு. ஒரு வாய் சோறு போடு. தாங்கலை."

உலகம்மை இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எந்தக் கையால போட?"

அவர் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றார். கூண்டுக்குள் ஒன்றுமில்லாத வயிற்றோடு பரிபூரணம் மறுபடியும் குமட்ட ஆரம்பித்தது.