நூற்றொரு அலகு ஏக்கம்

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் ஏக்கமானிப் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருமான வரியை நினைப்பேன். திரையில் பூஜ்யம் வரும். என் உத்தியோகமே ஏங்குவதுதான். பிஎஃப் உண்டு.

ஊரில் எல்லாரும் இந்தப் பட்டையை அணிகிறார்கள். பழசை நினைத்து நினைத்து ஒரு தலைமுறையே சோறு இறங்காமல் கிடந்த பிறகு வந்த சட்டம். ஏக்கம் நூறு அலகு வரை இருக்கலாம். தாண்டினால் பட்டை அந்த நினைவைத் தணித்துவிடும். நடந்தது ஞாபகம் இருக்கும். நெஞ்சை மட்டும் பிசையாது.

மென்பொருளில் பிழைகள் ஓரங்களில்தான் குடியிருக்கும். ஐம்பதில் யாரும் தடுக்கி விழுவதில்லை. ஆகவே ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் தொண்ணூற்றொன்பது, நூறு, நூற்றொன்று என்று உயிருள்ள ஓர் ஆள் ஏங்கிக் காட்ட வேண்டும். தொண்ணூற்றொன்பதுக்கு எனக்குக் கல்லூரி விடுதி சாம்பாரே போதும். நூற்றொன்றுதான் சிக்கல். பட்டை ஒழுங்காக வேலை செய்தால் அந்த நினைவு போயிற்று. விற்ற வீடு, செத்த நாய் எல்லாம் முந்தைய பதிப்புகளுக்குப் போய்விட்டன. முதல் காதலை நம்பியிருந்தேன், எண்பதைத் தாண்டவில்லை.

அன்று நூற்றொன்று என்னோடு வேலை பார்க்கும் சகாயராணியின் முறை. அவள் கணவர் ஜெரோம் தவறி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"வேற எதுவும் இல்லையாம்மா?"

"ஸ்கூலு, அம்மா வீடு எல்லாம் போயிடுச்சுண்ணா. அவர் மட்டும்தான் இருக்கார்." பட்டையை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"இங்க குடு. எங்கிட்ட ஸ்டாக் இருக்கு."

"பொய் சொல்லாதீங்க. போன தடவையே நாயைப் போட்டீங்க."

"குடும்மா."

பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். தாம்பரம் ரயில். மூன்று வயது மகள் இளவெயினி என் தோளில் தூங்கிவிட்டாள், சட்டையெல்லாம் எச்சில். எழுப்ப மனசு வராமல், இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போனேன். தொண்ணூற்றாறு. அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை. மகளிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த வாசனையைக் கவனமாக விட்டுவிடுவேன். இன்று விடவில்லை. நூறு. நூற்றொன்று.

பட்டை லேசாக அதிர்ந்தது. சோதனை தேறியது. ராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பசித்தது.

மாலையில் இளவெயினி அழைத்தாள்.

"அப்பா, பாப்பா என் தோள்லயே தூங்கிட்டா. அந்த ரயில் கதைய சொல்லுங்களேன்."

சொன்னேன். எந்த நிலையம், என்ன சட்டை, எல்லாம் பிசகாமல்.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்ப்பா. 'எழுப்ப மனசு வரல'ன்னு சொல்றப்போ எப்பவும் உங்களுக்குத் தொண்டை அடைச்சுக்கும். நான் அதுக்காகத்தான் கேப்பேன்."