ஆறு போல்ட்டும் ஒரு பொட்டும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைக்கச் சொன்னாலும் அணைக்கிறேன், சுடாது.

சனிக்கிழமை காலை ஜூஜுவாடிப் பட்டறைத் தொழிலாளி ஜோதிமணி எவர்சில்வர் டிபன் டப்பாவோடு ஓசூர் உலோக ஆய்வகத்துக்குள் வந்தபோது, அதில் எலுமிச்சைச் சாதம் இருக்கும் என்றே உதவியாளர் கருப்பசாமி நம்பினார். திறந்தால் ஆறு போல்ட்டுகள், தலை வேறு முண்டம் வேறாக.

"நேத்து சாயந்திரம் நான்தான் முறுக்கினேன் மேடம். காலையில பாத்தா தலையெல்லாம் கீழ கிடக்குது. அளவுக்கு மீறி முறுக்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்டா திங்கக்கிழமையிலிருந்து வேலை இல்லீங்க."

ஆய்வாளர் ரேவதி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முனையுள்ள ஊசியாக உலோகத்தைச் சீவி, அணுக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடை பார்க்கும் இயந்திரம் அவரிடம் இருந்தது. அணுக்கள் அவரைக் கண்டால் எழுந்து நின்று பெயர் சொல்லும் என்று கருப்பசாமி டீக்கடையில் சொல்லி வைத்திருந்தார்.

"அண்ணே, அதிகமா முறுக்கினா போல்ட் எப்படி உடையும்?"

"ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டு, கழுத்து மெலிஞ்சுல்லா உடையும்."

"இது?"

கருப்பசாமி தடவிப் பார்த்தார். "கல்கண்டு மாதிரில்லா இருக்கு."

"முறுக்கும்போதும் உடையல. ராத்திரி தானா உடைஞ்சிருக்கு. உள்ள யாரோ ஒளிஞ்சிருக்காங்க."

ஒளிந்திருந்தவன் ஹைட்ரஜன். அணுக்களிலேயே பொடியன். துத்தநாக முலாம் பூசும்போது எஃகுக்குள் நுழைந்துவிடுவான். நாலு மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்துச் சுட்டால் வெளியேறுவான். விட்டால் சந்துபொந்தில் போய் உட்கார்ந்து, இறுக்கிய போல்ட்டைச் சத்தமில்லாமல் பிளப்பான்.

"முலாம் என்னைக்குப் போட்டாங்க?"

"புதன்கிழமை காலையில மேடம், ஆயுத பூஜை அன்னிக்கு. அதுக்கப்புறம் முலாம் வேலையே இல்ல."

மதியம் மூவரும் ஜூஜுவாடிப் பட்டறைக்குப் போனார்கள். சூப்பர்வைசர் ஆனந்த் தயாராக நின்றார்.

"புதன் மத்தியானம் ரெண்டு மணிக்கே சுட்டாச்சு மேடம்."

ரேவதி அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவில் சந்தனம். சுவிட்சின் நடுவில் குங்குமப் பொட்டு, விரல் பட்டுக் கலையாமல் வைத்தது வைத்தபடி. பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார்.

"அந்த போல்ட்டோட அணுப் படம். சிவப்புப் புள்ளி ஒவ்வொண்ணும் ஹைட்ரஜன். சுட்டிருந்தா இத்தனை பேர் உள்ள இருக்க மாட்டாங்க."

எப்போது எடுத்த படம் என்று கேட்கக் கருப்பசாமி வாயைத் திறந்தார். ரேவதியின் செருப்பு அவர் காலை மிதித்தது. மூடிக்கொண்டார்.

"சுட்டோங்க," என்றார் ஆனந்த், படத்தைப் பார்க்காமல்.

"பூஜை எத்தனை மணிக்கு?"

"பன்னண்டுக்கு."

"ரெண்டு மணிக்கு அடுப்பைப் போட்டது யாரு?"

"நான்தான்."

"எந்த விரலால?"

ஆனந்த் தன் விரலைப் பார்த்தார். பிறகு பொட்டைப் பார்த்தார்.

"பொட்டு வச்ச சுவிட்சை அன்னிக்கே எப்படி மேடம் தட்டுறது? முதலாளி வேற பக்கத்துலயே நின்னு பொரி தின்னுட்டிருந்தாரு."

கையெழுத்துப் போடாத காகிதத்தை ஜோதிமணி நாலாக மடித்து டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குங்க ஷிஃப்ட்?"

"ஆறுக்கு," என்றார் ஆனந்த்.

ஆய்வகத்திலும் அந்தப் புதன்கிழமை ஆயுத பூஜை நடந்திருந்தது. அணுவை எடை பார்க்கும் இயந்திரத்தின் சுவிட்சில் கருப்பசாமி வைத்த குங்குமம் இன்னும் கலையவில்லை.